எஸ்மிக்காகப் போய்வந்த ஒத்திகைப் பயணம்

அத்லோன், கேப்டவுன்
சனிக்கிழமை, ரோடா கோயில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருக்கும் நேரம்

அன்புத் தங்கை எஸ்மிக்கும், மதிப்பும் முதுகுவலியும் மிக்க மைத்துனர் கிரஹாமுக்கும், அண்ணன் க்ளைவ் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் ரோடாவும் ஆண்டவர் கிருபையால் எழுந்து நடமாடுகிறோம். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் நீங்களும் பிள்ளைகளும் பேரக் குழந்தைகளும் சுகமாக இருக்க ஞாயிறுதோறும் ஜெபிக்கிறோம். கிரஹாமின் முதுகுக்கென்று ரோடா தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறாள். அந்த வரி வரும்போது பக்கத்தில் இருப்பவர்கள் அவளைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றாலும் அவள் விடுவதாக இல்லை.

முதலில் நன்றி. இந்தக் கடிதமே நன்றி சொல்லத்தான். நடுவில் எங்காவது குறை சொல்வதுபோல் தெரிந்தால் அது என் கையெழுத்தின் கோளாறு. பிப்ரவரியில் வருகிறோம், ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும், திராட்சைத் தோட்டம் பார்க்க வேண்டும், காட்டில் மிருகம் பார்க்க வேண்டும், இது கிரஹாமின் வாழ்நாள் கனவு, எல்லா ஏற்பாட்டையும் நீதான் செய்ய வேண்டும் அண்ணா என்று ஜூலையில் எழுதினாய் அல்லவா, அதைப் படித்ததும் எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது, அந்த மூன்றில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எழுபத்தொரு வருஷமாக மலைக்குக் கீழே குடியிருக்கிறேன், மேலே போனதில்லை. மலை எங்கே ஓடியா போகப்போகிறது என்று இருந்துவிட்டேன். திராட்சைத் தோட்டம் என்றால் நம் வீட்டில் அந்தப் பேச்சே கூடாது என்று அம்மா வைத்திருந்தது உனக்குத் தெரியும். க்ரூகர் காட்டிலோ அந்தக் காலத்தில் வெள்ளையரல்லாத நம்மைப் போன்றவர்களைப் பெரிய முகாம்களில் தங்க விட்டதில்லை. விட்ட பிறகு எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் டவுன் பஸ் ஓட்டியவன். புதிய தடம் ஒன்று வந்தால், பயணிகளை ஏற்றுவதற்கு முன்பு காலி வண்டியை ஒருமுறை கடைசிவரை ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். எங்கே மரக்கிளை இடிக்கும், எந்தத் திருப்பத்தில் பின்பக்கம் உரசும் என்று அப்போதுதான் தெரியும். அந்த வழக்கப்படி உங்கள் கனவுப் பயணத்தையும் ஒருமுறை காலி வண்டியாக ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ரோடாவிடம் சொன்னபோது அவள், “அப்ப நான் யாரு, காலி சீட்டா?” என்று கேட்டுவிட்டு, உடனே போய் முட்டை வாங்கி வந்தாள். முட்டையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஊரிலிருந்து ஆரம்பித்தோம். மலைக்கு முதல்நாள் போனோம், காற்று அதிகம், ரோப் கார் ஓடாது என்றார்கள். மறுபடி போனோம், மேகம். மூன்றாவது தடவை மேலே ஏற்றிவிட்டார்கள். மேலே போய் இறங்கினால் எனக்கு ரோடா தெரியவில்லை, ரோடாவுக்கு நான் தெரியவில்லை, அப்படி ஒரு மேகம். ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரோ ஒரு ஜெர்மன்காரரைக் கேட்டு, அவர் காட்டிய திசையில் ரோடா நம் வீட்டுக்குக் கை காட்டினாள். டீ வாங்கி வாயில் வைப்பதற்குள் சங்கு ஊதிவிட்டார்கள், காற்று வருகிறது, எல்லோரும் இறங்குங்கள் என்று. என் தொப்பி மட்டும் மேலே தங்கிவிட்டது. ஆகக் குடும்பத்தில் ஒன்றாவது மலையை நிதானமாகப் பார்த்திருக்கும்.

பிறகு மேல்தட்டு திறந்த சுற்றுலா பஸ். நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன், அதாவது ஓட்டுகிற பெண்ணுக்கு நேர் மேலே. பழக்க தோஷம், ஒவ்வொரு திருப்பத்திலும் என் வலதுகால் தானாகத் தரையை மிதித்திருக்கிறது. மூன்றாவது நிறுத்தத்தில் அந்தப் பெண் டெலீனா வண்டியை நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்தாள். “அங்கிள், பிரேக்கு என் காலுக்குக் கீழதான் இருக்கு. நீங்க மேலருந்து மிதிச்சா என் தலைமேல தகரம்தான் நெளியும்” என்றாள். நான் மன்னிப்புக் கேட்டு, பழைய டிரைவர் என்று சொன்னேன். “அது தெரியுது. சும்மா வர்ற ஆளு யாரும் இவ்வளவு சரியான இடத்துல மிதிக்க மாட்டாங்க” என்றாள். இதற்கு மேல் ஒரு பாராட்டு எனக்குப் பணிக் காலத்திலேயே கிடைத்ததில்லை.

அந்த பஸ் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வழியாகப் போனது. காதில் மாட்டிக்கொள்ளும் கருவி நம் பேட்டையை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு அடுத்ததாக மீன் கடையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, அதோ அந்தப் புல்மேட்டில்தான் எங்கள் வீடு இருந்தது, என் தங்கை அந்த மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில்தான் பிறந்தாள், இது இனி வெள்ளைக்காரர்களுக்கான இடம் என்று சொல்லி எங்களை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு புல்டோசர் விட்டு இடித்தார்கள், அம்மா திரைச்சீலையை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் என்று சொன்னேன். ஒவ்வொருவராகக் காதிலிருந்து கருவியை எடுத்துவிட்டார்கள். ஒரு டச்சுக்கார அம்மாள் படம் வரைகிறவள் போலிருக்கிறது, பென்சிலும் கையுமாக, தண்ணீர் எங்கே பிடிப்பீர்கள் என்று கேட்டாள். வாசலில் குழாய் என்றேன். வாசலுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, எஸ்மி. வலது என்று வாய் வரைக்கும் வந்தது, பிறகு இடது என்று தோன்றியது. அந்தக் குழாயடியில்தான் நீ விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாய். ரோடாவைக் கேட்டால் அவள் பார்ல் ஊர்க்காரி, அவளுக்கு என்ன தெரியும். இதைக் கேட்க எனக்கு உலகத்தில் நீ ஒருத்திதான் பாக்கி. பதில் எழுதும்போது இடமா வலமா என்று ஒரு வரி போடு.

திராட்சைத் தோட்டத்துக்கு வருகிறேன். அப்பா பிறந்த தோட்டம் இப்போது தங்கும் விடுதியாகிவிட்டது. உங்களுக்கு அங்கேதான் அறை போட்டிருந்தேன், வந்த பிறகு சொல்லலாம் என்று மறைத்து வைத்திருந்தேன், இனி மறைத்து என்ன. முன்வாசலில் வெள்ளைத் துணி விரித்த மேஜை, வரிசையாகக் கண்ணாடிக் கிண்ணங்கள். ஒயினை வாயில் ஊற்றிக் கொப்பளித்துப் பக்கத்தில் வைத்திருக்கும் குவளையில் துப்ப வேண்டுமாம். அதுதான் மரியாதையாம். பஸ்ஸில் எச்சில் துப்பியவனையெல்லாம் பாதி வழியில் இறக்கிவிட்டவன் நான். வெள்ளைத் துணிக்கு முன்னால், நாலு பேர் பார்க்க, எப்படித் துப்புவேன். விழுங்கிவிட்டேன். ஆறு கிண்ணமும் அப்படியே. ஆகத் திரும்பும்போது கார் ஓட்டியது ரோடா. எங்கள் மகன் கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அதை இங்கே விவரிக்க வேண்டாம். வழியில் இருந்த வாத்துகளெல்லாம் நலம்.

அதற்கு முன்பே, மேஜையில் ஒயின் ஊற்றிக்கொடுத்த பெண்ணின் சட்டையில் ரொவீனா ஃபிலாண்டர் என்று பெயர் இருப்பதை ரோடா படித்துவிட்டாள். நம் ஆட்களிடம் ஒரு குடும்பப் பெயரைக் காட்டினால் விடுவார்களா.

“எந்த ஃபிலாண்டர்டி நீ? மாம்ஸ்பெரி ஃபிலாண்டரா, பெல்வில் ஃபிலாண்டரா?”

“பெல்வில் ஆன்ட்டி.”

“யார் வீட்டுப் பொண்ணு?”

“நோயல் ஃபிலாண்டர் பேத்தி.”

நோயல் என் பஸ்ஸில் ஒன்பது வருஷம் கண்டக்டராக இருந்தவன். மீதிச் சில்லறை கொடுக்காமலே பாட்டுப் பாடிச் சமாளிப்பானே, அவனேதான். சொன்னவுடன் அந்தப் பெண் கிண்ணங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, “அங்கிள், இந்தத் துப்புற வேலையெல்லாம் வெளியூர்க்காரங்களுக்கு. எழுந்திரிங்க, உள்ள வாங்க” என்று எங்களைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்விட்டாள். முன்பணம் கட்டிய ஐந்து வகை விருந்து வெளியே காத்திருக்க, நாங்கள் உள்ளே வேலைக்காரர்களோடு தக்காளிக் கறிக்குழம்பும் சோறும் சாப்பிட்டோம். அப்பா காலத்தில் அந்தத் தோட்டத்தில் கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே கொடுத்தார்கள். காலையில் ஒரு தகரக் குவளை, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அது அப்பாவை என்ன செய்தது, அம்மாவை என்ன செய்தது என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. இப்போது விடுதியாகிவிட்ட அந்த முதலாளி வீட்டுக்குள் அப்பா ஒருநாளும் நுழைந்ததில்லை. நான் அங்கே வயிறாரச் சாப்பிட்டேன், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் அங்கிள் என்று உபசரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு கிண்ணத்தின் வேலை என்கிறாள் ரோடா. இருக்கட்டும். நீ கேட்டிருக்காவிட்டால் நான் அந்த வாசற்படியை மிதித்திருக்க மாட்டேன். அதற்கு நன்றி.

இனிக் காடு. இரண்டு நாள் கார் ஓட்டிப் போனோம். வழிக்கென்று ரோடா கட்டிய கட்டுச்சோறு ஒரு பட்டாளத்துக்கே போதும். அவித்த முட்டை, கறி உருண்டை, கோழிக்கால், பிளாஸ்கில் காபி. நம் ஆட்கள் கட்டுச்சோற்றை ஓடுகிற வண்டியில் சாப்பிட மாட்டார்கள், மரநிழலில் நிறுத்தித்தான் சாப்பிட வேண்டும். ரோடா இந்த விஷயத்தில் திருச்சபையைவிடக் கண்டிப்பு. ஆனால் காட்டுக்குள் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. காலையிலிருந்து சுற்றியும் மானைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை, ரோடாவுக்குப் பசி. சரியென்று ஒரு பெரிய மரத்தடியில் ஓரமாக நிறுத்தி, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, முட்டையை உரித்தோம்.

காட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது, அது எனக்குத் தெரியாது. அங்கே ஒரு கார் நின்றால் ஏதோ மிருகத்தைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம். பின்னால் வருகிறவர்களும் நின்றுவிடுவார்கள். முதலில் பிரிட்டோரியாவிலிருந்து வந்த ஒரு காக்கிச் சட்டைக்காரர், மடியில் பீரங்கி மாதிரி கேமரா. ஜன்னலை இறக்கி, “என்ன சார் தெரியுது?” என்று மெல்லக் கேட்டார். என் வாயில் முழு முட்டை. பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டினேன். அவர் அதைச் சத்தம் போடாதே என்று எடுத்துக்கொண்டு, என்ஜினை அணைத்துவிட்டுப் புதருக்குள் பார்க்க ஆரம்பித்தார். அடுத்து ஒரு வேன் நின்றது. அதற்கடுத்து மேல்மூடி இல்லாத ஒரு சஃபாரி வண்டி, நிறைய வெள்ளைக்காரர்களோடு. நான் முட்டையை விழுங்கி முடிப்பதற்குள் முன்னாலும் பின்னாலும் வரிசை கட்டிவிட்டது, கிளம்பவும் வழியில்லை.

“சொல்லித் தொலையேன் க்ளைவ், முட்டை திங்கத்தான் நின்னோம்னு.”

“இத்தனை பேர்கிட்டயா? நீ சொல்லு.”

“நான் சொன்னா அந்தக் காக்கிச் சட்டை என்னைச் சுட்டுடுவான்.”

ரோடா கோழிக்காலைப் பாவாடைக்கடியில் மறைத்துக்கொண்டாள். நானும் வேறு வழியில்லாமல் பைனாகுலரை எடுத்துப் புதரைக் கவனமாகப் பார்ப்பதுபோல் நடித்தேன். நான் பார்க்கிறேன் என்று எல்லோரும் அந்தத் திசையில் பார்த்தார்கள். பொய் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம், ஆனால் நான் வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை, கவனி. சஃபாரி வண்டியின் வழிகாட்டி தியானி என்ற பையன் மட்டும் என்னையும் பார்த்தான், என் மடியில் கிடந்த முட்டை ஓட்டையும் பார்த்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டான். மானம் போகப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொள்ளப்போன நேரத்தில் அவன் முகம் மாறியது. மிக மெதுவாக, “அங்கிள், ஜன்னலை ஏத்துங்க. அசையாதீங்க. உங்க தலைக்கு மேல கிளையில சிறுத்தை படுத்திருக்கு” என்றான்.

இருபது வண்டி கேமராவும் ஒரே நேரத்தில் எங்கள் கூரைக்கு மேல் திரும்பியது. அந்த வெள்ளைக்காரர்கள் அழுதே விட்டார்கள் சந்தோஷத்தில். ஒரு கிழவர் எழுந்து நின்று எனக்கு சலாம் வைத்தார். எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை, எஸ்மி. தலைக்கு மேலே இருப்பது தகரம், தகரத்துக்கு மேலே இருப்பதை எப்படிப் பார்ப்பது. ரோடா உதட்டை அசைக்காமல் பைபிள் சங்கீதம் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் அவள் பாவாடைக்கடியில் இருந்த கோழியின் வாசனை மேலே போகாமல் இருக்க வேண்டுமே என்று தொப்பியைத் தேடினேன், தொப்பிதான் மலைமேல் இருக்கிறதே. கடைசியில் அந்தப் பிராணி இறங்கி எங்கள் வண்டிக்குப் பின்பக்கமாகப் போய்விட்டதாம். பின்கண்ணாடியை ரோடாவின் கட்டுச்சோற்றுக் கூடை மறைத்திருந்தது. ஆக அன்றைக்கு அந்தச் சாலையில் சிறுத்தையைப் பார்க்காதவர்கள் இரண்டே பேர், அதைக் கண்டுபிடித்தவர்கள். வண்டிகள் ஒவ்வொன்றாக நகரும்போது ஒவ்வொருவரும் ஜன்னலில் கை நீட்டி நன்றி சொன்னார்கள். காக்கிச் சட்டைக்காரர், நாற்பது வருஷமாக வருகிறேன், உங்களைப் போல் கண் எனக்கு இல்லை சார் என்றார். தியானி மட்டும், “ஆன்ட்டி, முட்டை ஒண்ணு மிச்சம் இருந்தா குடுங்க” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அன்று இரவு முகாமில் நானும் ரோடாவும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குடிசைக்காரர் சுவரைத் தட்டினார். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படிச் சிரித்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பி வந்து பெட்டியை இறக்கும்போதுதான் உன் செய்தி போனில் வந்தது. தென்னாப்பிரிக்கா வேண்டாம், கிரஹாமின் முதுகுக்குத் தூரம் தாங்காது, போர்ச்சுகல் போகிறோம், அங்கேயும் நகரம், திராட்சைத் தோட்டம், சிங்கங்கள் உள்ள ஒரு பூங்காவும் இருக்கிறது, லண்டனிலிருந்து மகளும் வந்து சேர்ந்துகொள்வாள் என்று. பெர்த்திலிருந்து போர்ச்சுகல் எங்களைவிடத் தூரம் என்பதை உலகப் படத்தில் நூல் வைத்து அளந்து பார்த்தேன். அதைச் சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. நூல் கையில் இருந்தது, அளந்தேன். மகளோடு இருப்பது நல்லதுதான். போனமுறை பதினாறு வருஷத்துக்கு முன்பு வந்தபோது நீங்கள் கடற்கரை ஹோட்டலில் தங்கி எங்கள் வீட்டில் ஒரே ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள், அன்றைக்கு அடுப்பு வேறு கோளாறு, ஆகையால் தயங்குவதும் நியாயம்தான்.

எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தோட்டத்துக்கும் காட்டுக்கும் போன் செய்து எல்லா அறைகளையும் ரத்து செய்துவிட்டேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நிம்மதியாக லிஸ்பன் போய் வாருங்கள். ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக, கிரஹாமின் முதுகுக்கு நல்ல நாற்காலி கிடைப்பதாக, உன் பிள்ளைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராதிருப்பதாக. நீ கேட்டதால்தான் ஒரு கிழவனும் கிழவியும் தங்கள் சொந்த நாட்டைப் பார்த்தோம். அந்த நன்றியை மறக்கமாட்டேன்.

உன் அண்ணன்,
க்ளைவ் அரென்ட்ஸ்

பி.கு.: ரோடா பாட்டுப் பயிற்சி முடிந்து வந்து மேலே உள்ளதையெல்லாம் நின்றபடியே படித்தாள். “இவ்வளவு எழுதினியே, வான்னு ஒரு வார்த்தை எழுதினியா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். எழுதவில்லைதான். ஆகவே போர்ச்சுகல் பற்றி நான் சொன்னதை அடித்துவிடு. நான் எதையும் ரத்து செய்யவில்லை, போனைக் கையில் எடுத்தேன், எண்ணைப் போடவில்லை. உங்களுக்கென்று முன் அறைக்குப் புதுச் சாயம் அடித்தாகிவிட்டது. நீங்கள் வந்து இறங்குவதாக இருந்த பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி காலையில் நான் விமான நிலையத்தில் நிற்பேன். நீ வந்தாலும் நிற்பேன், வராவிட்டாலும் நிற்பேன். நீ வராவிட்டால் அந்த விமானத்திலிருந்து இறங்குகிற யாரையாவது கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவேன், ரோடா சமைத்து வைத்திருப்பாள். அவர்களிடம் என்ன பேசுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. வா, எஸ்மி.